முங்கி மேயும் வாத்துகளைக் கிட்டத்தில் படம் எடுக்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வந்த கேன்வாஸ்பேக் வாத்தின் படத்தைப் பற்றி நிறையக் கடிதங்கள். செம்பழுப்புத் தலை, ரத்தச் சிவப்புக் கண், அலகு நுனியில் ஒரு சொட்டு நீர். அதை அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக் கிழக்குக் கரையில், சாப்டாங்க் ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் பகுதியில், நாணல் கட்டிய ஒரு மறைப்புக்குள் உட்கார்ந்து எடுத்தேன். பத்து வருஷத்துக்கு மேலாக என் குளிர்காலம் அங்கேதான் கழிகிறது. இந்த மாதப் பக்கம் முழுவதையும் உங்கள் கேள்விகளுக்கே கொடுக்கிறேன்.

அக்கா, எங்கள் ஊர்ப் பூங்காக் குளத்தில் மல்லார்ட் வாத்து காலடிக்கே வருகிறது. இவற்றை மட்டும் ஏன் ஒளிந்திருந்து எடுக்க வேண்டும்? பெரிய லென்ஸ் வாங்கிவிட்டால் போதாதா?
*ஒரு வாசகர், ரிச்மண்ட், வர்ஜீனியா*

பூங்கா மல்லார்ட் மனிதர் கையிலிருந்து ரொட்டி தின்று பழகியது. அது தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கி மேயும் வகை. பயந்தால் இருந்த இடத்திலிருந்தே செங்குத்தாக எழும்பிவிடும். கேன்வாஸ்பேக், ரெட்ஹெட், ஸ்காப், கோல்டன்ஐ போன்ற முங்கி மேயும் வாத்துகளுக்குக் கால்கள் உடம்பின் பின்பக்கம் தள்ளி இருக்கும். தண்ணீருக்கடியில் உந்திப் போக அது தோது. ஆனால் பறக்க வேண்டுமென்றால் நீர்மேல் காற்றுக்கு எதிராகத் தடதடவென்று ஓடித்தான் கிளம்ப முடியும். கிளம்ப இடமும் நேரமும் வேண்டியிருப்பதால், சந்தேகம் வந்த உடனே நடுத் தண்ணீருக்கு நகர்ந்துவிடும். தலைமுறை தலைமுறையாக அவற்றைச் சுட்டுத் தின்ற கரை வேறு இது. 19-ஆம் நூற்றாண்டில் பெரிய ஓட்டல்களின் விருந்துகளுக்கென்றே இந்த விரிகுடாவில் கேன்வாஸ்பேக் கூட்டம் கூட்டமாகச் சுடப்பட்டது. 1918-ல் வலசைப் பறவைகளுக்கான சட்டம் வந்த பிறகுதான் சந்தைக்காகச் சுடுவது நின்றது. கட்டுப்பாட்டோடு நடக்கும் பருவ வேட்டை இன்றும் உண்டு.

லென்ஸ் விஷயத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (அதாவது 36 மி.மீ. அகல சென்சார் உள்ள கேமராவில்) 600 மி.மீ. லென்ஸ், 10 மீட்டர் தூரத்தில் 60 செ.மீ. அகலத்தைத்தான் பார்க்கும். கேன்வாஸ்பேக்கின் நீளம் ஏறக்குறைய 50 செ.மீ., அதாவது படம் நிறைய வாத்து. அதே லென்ஸ் 60 மீட்டரில் 3.6 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். வாத்து அதில் ஏழில் ஒரு பங்கு. அதை வெட்டிப் பெரிதாக்கினாலும் கண்ணுக்குள் இருக்கும் ஒளிப்பொட்டு கிடைக்காது, ஏனென்றால் நடுவில் 60 மீட்டர் காற்று இருக்கிறது. குளிர்காலக் காலையில் தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அதன் மேலே காற்று நெளிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் அந்த நெளிவைத் திருத்தாது. தூரத்தைக் குறைப்பது ஒன்றே வழி. நாம் நெருங்கினால் அவை போய்விடும். அவையாக நெருங்கி வர வேண்டும், அதற்குத்தான் மறைப்பு.

மறைப்பை எந்தத் திசை பார்த்து வைப்பது? வெயில் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி வைத்தும் எனக்கு வாத்தின் முதுகுதான் கிடைக்கிறது.
*ஒரு வாசகி, அனாபொலிஸ்*

நீங்கள் காற்றைப் பார்க்காமல் வெயிலை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், சும்மா மிதக்கும்போதும் பெரும்பாலும் காற்றுப் பக்கமே முகம் வைத்திருக்கும். ஆகவே காற்றும் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வர வேண்டும். அப்போதுதான் முகம் கிடைக்கும்.

நம் பகுதியில் குளிர்காலத்தில் வீசுவது அதிகமும் வடமேற்குக் காற்று. காலையில் வெயில் தென்கிழக்கே. வெயிலை முதுகில் வைத்து மேற்கே பார்த்து உட்கார்ந்தால் காற்று உங்கள் முகத்தில் அடிக்கும், பறவை உங்களுக்கு முதுகைக் காட்டும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். வடமேற்குக் காற்று நாளில் காலையில் தூங்குங்கள். மதியத்துக்கு மேல், ஓடையின் மேற்குக் கரையில், கிழக்கே பார்த்து உட்காருங்கள். வெயில் தென்மேற்குக்கு வந்திருக்கும், காற்று இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரும். இன்னொரு லாபமும் உண்டு: அந்தக் காற்றுக்கு மேற்குக் கரையோரம்தான் ஒதுக்கம். நடு விரிகுடாவில் அலை எழும்ப எழும்ப, வாத்துகள் தாமாகவே அந்த அமைதியான தண்ணீருக்கு வந்து சேரும்.

மழையோ பனியோ வருவதற்கு முந்தின நாள் காற்று தென்கிழக்குக்குத் திரும்பும். அன்றைக்குக் காலையில் கிழக்குக் கரையிலிருந்து மேற்கே பாருங்கள். அப்படிப்பட்ட காலைகள் ஒரு பருவத்தில் கொஞ்சம்தான் வரும். வேலைக்கு லீவு போட வேண்டிய நாட்கள் அவை என்பது என் கருத்து.

உச்சிவெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு நண்பகல் என்றாலே கேமராவை மூடிவைக்கிற பழக்கம். இங்கே டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 28 பாகை உயரத்தில்தான் நிற்கும். நாள் முழுக்கச் சாய்வெயில். பயப்படாமல் எடுங்கள்.

மறைப்பை எதனால் கட்டினீர்கள்? கடையில் விற்கும் கூடாரம் போதுமா?
*ஒரு வாசகர், நியூவர்க், டெலவேர்*

கூடாரம் போதும், ஆனால் புல்தரையில் மான் பார்க்க விற்கும் கூடாரம் உயரமாக இருக்கும். அதன் ஜன்னல் உட்கார்ந்தவர் நெஞ்சு உயரத்தில் வரும். அங்கிருந்து எடுத்தால் வாத்தை மேலிருந்து பார்த்த மாதிரி, பின்னணி முழுக்கத் தண்ணீராகத் தெரியும். லென்ஸ் நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருந்தால்தான் வாத்தின் கண்ணும் நம் கண்ணும் நேராகும். எதிர்க்கரையின் வைக்கோல் நிறப் புல் தூரத்தில் கரைந்துபோய்ப் பின்னணியாகும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துப் பண்ணையின் முதியவர். வாழ்நாள் முழுக்க வாத்து வேட்டை ஆடியவர், இப்போது துப்பாக்கியைத் தொடுவதில்லை. அவருடைய ஓடைக்கரையில்தான் என் மறைப்பு இருக்கிறது. நான்கு மரக்கம்புகள், இடுப்பு உயரத்துக்கும் குறைவு. சுற்றிக் கோழி வலைக்கம்பி. கரையோரம் காடாய் மண்டியிருக்கும் ஃப்ராக்மைட்டிஸ் நாணலைக் கை நிறைய வெட்டி, கட்டுக் கட்டாக அந்த வலையில் செருகியிருக்கிறோம். அந்த நாணல் வெளியிலிருந்து வந்து சதுப்பை விழுங்கிக்கொண்டிருக்கும் களை, வெட்டினால் சதுப்புக்கு நல்லதே. நாணலின் பூங்கதிர் மேலே பார்க்க, கரையில் நிற்கிற மாதிரியே செருக வேண்டும் என்பதில் அவர் மிகவும் கண்டிப்பு. "நேர்க்கோடு தெரிந்தால் வாத்துக்கு மனுஷன் தெரிந்த மாதிரி" என்பார். அதனால் மேல் விளிம்பை எங்கும் சமமாக வெட்டிவிடவில்லை.

பலர் முன்பக்கத்தை அலங்கரித்துவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். முன்னும் பின்னும் வெளிச்சம் ஊடுருவினால் உள்ளே நீங்கள் தலையைத் திருப்பும்போது நிழலாகத் தெரியும். பின்சுவரில் கறுப்புத் துணியை இரட்டையாகத் தொங்கவிடுங்கள். லென்ஸை வெளியே நீட்டாதீர்கள், வலைத்துணி முனையோடு முனையாக நிற்கட்டும். கட்டிய மறைப்பை ஒரு வாரமாவது சும்மா விட்டுவையுங்கள், பறவைகள் அதைக் கரையின் பகுதியாக ஏற்றுக்கொள்ளும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேரிலாந்தில் கரையோர வேட்டை மறைப்புகளுக்கு உரிமம் உண்டு. காலியாகக் கிடக்கிறதே என்று அடுத்தவர் மறைப்பில் உட்கார வேண்டாம். கரைக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் கம்பு நடவும் வேண்டாம். வாத்து வேட்டைப் பருவம் எப்படியும் ஜனவரி 31-க்குள் முடிந்துவிடும். எனக்குப் பிடித்த மாதம் பிப்ரவரி. துப்பாக்கிச் சத்தம் இல்லை, பறவைகள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கின்றன, ஆண்கள் பெட்டைகளுக்கு முன்னால் தலையைப் பின்னால் எறிந்து ஆட்டம் காட்டத் தொடங்கியிருக்கும். கோல்டன்ஐ தலையை முதுகு வரை மடக்கிக் காலால் தண்ணீரை உதைத்துத் தெறிக்கவிடும் காட்சிக்காகவே ஒரு நாள் முழுக்க உட்காரலாம்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு என்ன செய்வீர்கள்? அசையாமல் எத்தனை நேரம் இருக்க முடியும்?
*ஒரு கல்லூரி மாணவி, பால்டிமோர்*

அசையலாம். எப்போது அசைவது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் உள்ளே போகும் விதம். காலை அமர்வு என்றால் விடிவதற்கு வெகுமுன்பே, இருட்டில் போய்விடுகிறேன். மதிய அமர்வுக்கு என் கணவர் கூட வருவார். இருவரும் பேசிக்கொண்டே நடந்துபோவோம், வாத்துகள் நகர்ந்துவிடும். நான் உள்ளே நுழைந்ததும் அவர் மட்டும் அதே வேகத்தில் திரும்பி நடந்து, காரைக் கிளப்பிக்கொண்டு போவார். ஆள் போய்விட்டது என்று அவை சீக்கிரமே திரும்பும். யாரும் திரும்பிப் போகாவிட்டால் வெகுநேரம் தூரத்திலேயே நின்று மறைப்பையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பெரும்பாலும் பஃபில்ஹெட்தான் முதலில் வரும். அரைக் கிலோகூட இல்லாத குட்டி வாத்து. கனடாவின் காடுகளில், மரங்கொத்தி விட்டுப்போன பொந்துகளில் குஞ்சு பொரிப்பது. மூன்று நான்கு பறவைகள் சேர்ந்து வரும். அவை முங்குவதற்கு முன் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். இறகுகளுக்கிடையே இருக்கும் காற்றை வெளியேற்ற, உடம்பு இறகை எல்லாம் இறுக்கி ஒட்டிக்கொள்ளும். உடம்பு தண்ணீரில் ஒரு விரற்கடை தாழும். பஞ்சுருண்டை மாதிரி இருந்த தலை சட்டென்று படிந்து சப்பையாகும். அப்புறம் ஒரு சின்ன முன்தாவல், அவ்வளவுதான், வளையம் மட்டும் மிச்சம். தலை படிந்த அந்தக் கணத்தில் ஷட்டரை அழுத்தினால் தாவல் கிடைக்கும். தாவலைப் பார்த்து அழுத்தினால் வளையம்தான் கிடைக்கும்.

இனி அசைவது. ஒன்று முங்கினால் மற்றவையும் அடுத்தடுத்து முங்கும். கடைசிப் பறவையும் உள்ளே போன நொடியிலிருந்து ஏறக்குறைய பத்து வினாடி உங்களுடையது. மரத்துப்போன காலை மாற்றுவது, லென்ஸைப் பக்கவாட்டில் திருப்புவது, மூக்கைத் துடைப்பது எல்லாம் அதற்குள். முதல் தலை மேலே வரும்போது நீங்கள் கல்லாகியிருக்க வேண்டும். சில சமயம் ஒன்று மட்டும் முங்காமல் மேலேயே காவல் நிற்கும். அது மேலே இருக்கும்வரை அந்தப் பத்து வினாடி கிடையாது. ஸ்காப், கேன்வாஸ்பேக் பெருங்கூட்டத்தில் எல்லாம் ஒன்றாக முங்குவது அபூர்வம். அங்கே லென்ஸை மணிக்கூட்டின் பெரிய முள் வேகத்தில்தான் நகர்த்துவேன்.

கழுத்துகள் எல்லாம் ஒன்றாக நீண்டு, கூட்டம் முழுவதும் ஒரே திசையில் நீந்தத் தொடங்கினால் அவை எதையோ சந்தேகிக்கின்றன என்று அர்த்தம். ஷட்டரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். சில நேரம் காரணம் நீங்களாக இருக்காது, மேலே வெண்தலைக் கழுகு சுற்றிக்கொண்டிருக்கும். அமர்வு முடிந்தாலும் பறவைகள் முன்னாலிருக்கும்போது எழுந்து வெளியே வராதீர்கள். கணவர் வந்து நடந்து கலைத்த பிறகோ, இருட்டிய பிறகோதான் நான் வெளியே வருகிறேன். மறைப்பிலிருந்து மனிதர் முளைப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த ஓடையை அவை நெடுநாள் நம்பாது.

கேமரா அமைப்பைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?
*ஒரு வாசகர், எல்லிகாட் சிட்டி*

முங்கும் தாவலுக்கும் நீர்த்தெறிப்புக்கும் 1/1600 வினாடி, பறக்கும்போது 1/2500. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் எண்) எவ்வளவு ஏறினாலும் கவலைப்படாதீர்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் பயன்படுத்துங்கள். லென்ஸ் துளையின் அளவில்தான் யோசனை வேண்டும்; எஃப் எண் கூடக் கூடத் துளை சுருங்கும். 600 மி.மீ. லென்ஸில் எஃப் 4 வைத்தால், 10 மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் 7 செ.மீ. அளவுதான். கண் தெளிவாக இருக்கும், நேராகப் பார்க்கும் பறவையின் தோள் மங்கிவிடும். எஃப் 8-க்கு மாறினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். இவ்வளவு கிட்டத்தில் பின்னணி எப்படியும் கரைந்துவிடும், தாராளமாக எஃப் 8 வையுங்கள்.

வெளிச்சத்தைக் கேன்வாஸ்பேக்கின் முதுகைப் பார்த்து மேனுவலில் அமையுங்கள். அந்த வெள்ளையில் மெல்லிய சாம்பல் கோடுகள் ஓடும், அவை வெளுத்துப்போனால் படமே போச்சு. கறுப்பு நெஞ்சின் விவரத்தைப் பிறகு மேலே கொண்டுவரலாம். ஸ்காப்பின் மஞ்சள் கண்ணைக் கேமரா உடனே பிடித்துக்கொள்ளும். பஃபில்ஹெட்டின் கறுத்த தலைக்குள் கறுத்த கண், வெயில் நேராக விழுந்து அதில் ஒரு பொட்டு மின்னினால்தான் பிடிக்கும். அதே வெயிலில்தான் அந்தத் தலையில் பச்சையும் ஊதாவும் தெரியவரும். மேகமூட்டமான நாளில் அது வெறும் கறுப்பு.

சோளம் போட்டுக் கூப்பிட்டால் சீக்கிரம் வருமாமே? கேம்பிரிட்ஜ் ஊரில் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்று நண்பர் சொன்னார்.
*ஒரு வாசகர், சில்வர் ஸ்பிரிங்*

கேம்பிரிட்ஜின் ஓக்லி தெருக் கரைச்சுவர் புகழ்பெற்ற இடம். ஆட்களுக்குப் பழகிய கேன்வாஸ்பேக்கை அங்கே மறைப்பே இல்லாமல் எடுக்கலாம். முதல்முறை இந்த வாத்தைப் பார்க்க விரும்புகிறவர்களை நானே அங்கே போகச் சொல்வேன். ஆனால் ஆளில்லாத ஓடையில் நீங்களாகச் சோளம் கொட்டாதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. தீனி போட்ட இடத்தில் வாத்து வேட்டை ஆடுவது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். தீனியை முழுக்க அள்ளிய பிறகும் 10 நாள் அந்த இடம் தீனி இட்ட இடமாகவே கருதப்படும். பருவத்தில் நீங்கள் போட்ட சோளத்துக்குப் பக்கத்து வேட்டைக்காரர் பதில் சொல்ல வேண்டிவரும். துப்பாக்கியுள்ள கரைக்குப் பறவையை அழைத்த பாவமும் சேரும்.

அவை எதைத் தின்ன வருகின்றனவோ அதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் இந்த விரிகுடாவின் அடியில் காட்டு செலரி என்ற நீர்ப்புல் வயல்போல் இருந்தது. அதன் கிழங்குக்காகத்தான் கனடாப் புல்வெளிக் குட்டைகளிலிருந்து கேன்வாஸ்பேக் இங்கே வந்தது. தண்ணீர் கலங்கலும் அழுக்கும் அந்தப் புல்லை ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்க, 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் கொண்டுவந்த வண்டலும் வெள்ளமும் பெரும்பகுதியை மூடிவிட்டன. வாத்துகள் சேற்றிலிருக்கும் சிறு சிப்பிகளுக்கு மாறிக்கொண்டன. ஆகவே சேறு மெத்தென்று இருக்கும், ஆள் மட்டத்துக்குச் சற்று அதிகமான ஆழமுள்ள ஓடைவாய்களைத் தேடுங்கள். முங்கி எழுந்த வாத்தின் அலகில் சேறு ஒட்டியிருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். சிப்பி இருக்கும்வரை அவை நாளைக்கும் அங்கேயே வரும், சோளம் வேண்டாம்.

பொம்மை வாத்து மிதக்கவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது இந்தக் கரையின் கலை. ஹாவ்ர் டி கிரேஸ் ஊரில் அதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது, குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். மறைப்புக்கு நேர் முன்னால் வைக்காமல் ஒரு பக்கமாக வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் மர வாத்து வந்து நிற்கும்.

நான் கோயம்புத்தூர். எங்கள் குளங்களில் இதையெல்லாம் செய்ய முடியுமா?
*ஒரு வாசகி*

முங்கும் வாத்துகள் இந்தியாவுக்கும் குளிர்காலத்தில் வருகின்றன, ஆனால் அவற்றின் பெருங்கூட்டம் வடக்கே தங்கிவிடுகிறது. உங்களுக்கு அதைவிட நல்லது ஒன்று வருஷம் முழுக்க இருக்கிறது: முக்குளிப்பான். வாத்து இனம் இல்லை, ஆனால் நான் மேலே சொன்னது எல்லாம் அதற்கும் பொருந்தும். இறகை இறுக்குவது, தாழ்வது, மறைவது எல்லாம் அதே. இனப்பெருக்கக் காலத்தில் கழுத்து செங்காவி நிறமாகும், குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். கரையில் ஒரு தாழ்ந்த துணி மறைப்பு போதும். சாக்கடை கலக்கும் குளத்தில் இறங்காதீர்கள், கரையில் படுத்தே எடுங்கள். தினமும் பரிசலில் வலை போடும் அண்ணன்மாரிடம் பேசுங்கள். பறவை எந்த மூலையில் எந்நேரம் இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் மறைப்பு போட வேண்டாம். முக்குளிப்பான் கூட்டைவிட்டு இறங்கும்போது ஈரப்பாசியால் முட்டையை மூடிவிட்டுப் போகும். நீங்கள் அங்கேயே இருந்தால் திரும்ப ஏறாது, முட்டை ஆறிப்போகும், காகம் பார்த்துவிடும். சரணாலயத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கம்புகூட நடக்கூடாது.

என் கணவர் உங்கள் படங்களைப் பார்த்துவிட்டு, இடுப்பு வரை தண்ணீரில் நின்று எடுக்கப்போகிறேன் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
*ஒரு வாசகி, டோவர், டெலவேர்*

உங்கள் பயம் நியாயமானது, இதை அவரிடமே படிக்கக் கொடுங்கள். ஜனவரியில் இந்தத் தண்ணீர் 4 பாகை செல்சியஸுக்கும் கீழே போகும். விழுந்தால் முதல் நிமிஷத்தில் மூச்சு திணறும், சில நிமிஷங்களில் விரல் மடங்காது. நீச்சல் தெரிந்திருப்பது அந்த நேரத்தில் பெரிதாக உதவாது. மார்பு வரை வரும் ரப்பர் உடை போட்டால் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், விழுந்தாலும் தண்ணீர் உள்ளே சட்டென்று நிரம்பாது. மேலே மிதவைச் சட்டை கட்டாயம். லென்ஸ் பிடிக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்வார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் வருஷம் கரையில் உட்கார்ந்தே எடுக்கட்டும். என் படங்களில் பெரும்பாலானவை அப்படி எடுத்தவைதான், தண்ணீர் என் பூட்ஸ் நுனியைத் தொடும், அதற்கு மேல் இல்லை. வடமேற்குக் காற்று பலமாக வீசினால் விரிகுடாவின் தண்ணீரையே தெற்கே தள்ளி, ஓடையை வற்றவைத்துவிடும். காற்று நின்றதும் தண்ணீர் திரும்பி ஏறும். ஏற்றவற்ற அட்டவணையை மட்டும் நம்பி நிற்கக் கூடாது, காற்று முன்னறிவிப்பையும் பார்க்க வேண்டும். ஓடை உறைந்து நடுவில் ஒரு திட்டுத் தண்ணீர் மட்டும் மிஞ்சியிருக்கும் நாட்களில் போகவே வேண்டாம். பறவைக்கு அன்று வேறு இடம் இல்லை, கலைத்தால் அது குளிரில் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்துத்தான் பறக்க வேண்டும்.

எந்த ஓடை, எந்தக் கரை, எத்தனை மணிக்கு வருவார் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி ஆனால் போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள்.